ஞானமேரி டீச்சரின் திருப்புளி

"தொறக்கட்டுங்களா?" என்று கேட்டு, வீட்டுக்காரர் தலையாட்டிய பிறகுதான் ஞானமேரி டீச்சரின் கைப்பையிலிருந்து திருப்புளி வெளியே வரும். கேட்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார். பூட்டிய பீரோவை உடைப்பதும் சொந்தக்காரர் சொல்லாமல் கிட்டாரைத் திறப்பதும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. அனுமதி கிடைத்ததும் ஒரு வெள்ளைத் துணி கேட்பார். அதை மேசைமேல் விரித்து, கிட்டாரைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்தையும் உடம்பையும் இணைக்கிற திருகாணிகளைக் கழற்றி, அவை இருந்த வரிசையிலேயே துணியில் அடுக்குவார். கழுத்தைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் பள்ளத்தில் மூக்கை நுழைத்து மோந்து பார்ப்பார். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் கிட்டாரை விட்டுவிட்டு அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டீச்சர் தேடுவது ஜப்பானில் செய்த பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களை மட்டும். புதுச்சேரியில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய 'சொல்தா'க்கள் அறுபதுகளில் எங்கெங்கோ துறைமுகத்தில் வாங்கிப் பெட்டியோடு கொண்டுவந்தவை. வாசித்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். டீச்சர் ஒரு கான்வென்ட் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவை மேய்க்கிறார். மிச்ச நேரமெல்லாம் லூனாவில் முத்தியால்பேட்டைக்கும் நெல்லித்தோப்புக்கும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கப் போய்விடுவார்.

அந்தத் திருப்புளியும் ஜப்பான்தான். ஜப்பான்காரன் திருகாணியின் தலையில் இருக்கும் சிலுவைப் பள்ளத்தில் நம் கடைத் திருப்புளி சரியாக உட்காராது. வழுக்கிக்கொண்டு தலையை நசுக்கிவிடும். பைக் மெக்கானிக் ஒருவரிடம் கெஞ்சி, ஜப்பான் பைக்கோடு வந்த டூல் பையிலிருந்து வாங்கியது இது. திருகாணித் தலை நசுங்கியிருந்தால் டீச்சருக்கு முகம் சுருங்கிவிடும். "கண்டவன் கை வெச்சிருக்கான்" என்பார்.

விலை சொல்வதில் அவர் போக்கே தனி. கிட்டாரில் என்ன நல்லது, என்ன கெட்டது என்று முதலில் சொந்தக்காரருக்கு வாய் வலிக்கச் சொல்வார். உள்ளே பழைய ஈயப் பற்று மங்கலாக அப்படியே இருக்கிறதா, ஒயர் மாற்றியிருக்கிறார்களா, கழுத்து வளைந்திருக்கிறதா, எல்லாம் சொல்லி முடித்துத்தான் விலை. அது பெரும்பாலும் அவர்கள் மனதில் நினைத்ததைவிடக் கூடுதலாக இருக்கும். கணவர் சூசைநாதன் ஒருமுறை கூடப்போய்விட்டு, திரும்பி வரும் வழியில், "நீ வாங்கப் போனியா, விக்கப் போனியா?" என்று கேட்டார். பாவம், நல்ல மனுஷன். அவர் வீட்டில் நாற்காலியில் ஒரு கிட்டார் உட்கார்ந்திருந்தால் அவர்தான் தரையில் உட்காரவேண்டும்.

"கொறச்சி சொல்லி வாங்கிட்டு வந்து, அத மடியில வெச்சி மாதா பாட்டு வாசிக்கச் சொல்றீங்களா?" என்பார் டீச்சர்.

கோபம் மட்டும் டீச்சருக்குப் பஞ்சமில்லாமல் வரும். வார் மாட்டுவதற்கு ஆணி அடித்தவன்மேல் கோபம். ஆயுதபூஜைக்குச் சந்தனம் அப்பி ஸ்விட்சையெல்லாம் அடைத்தவன்மேல் கோபம். துடைக்கிறேன் பேர்வழி என்று தேங்காயெண்ணெய் தடவியவர்மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேல், பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் பெயிண்ட் அடிக்கிறவர்களை அவர் மன்னிப்பதே இல்லை. "அது பெயிண்டா? தோலுய்யா அது!" என்று நடுத்தெருவில் கத்துவார். "சப்பான் மாலுதானே" என்று யாராவது உதட்டைப் பிதுக்கிவிட்டால் போதும். "டேப்ரெகார்டருன்னா சப்பான் வேணும், பைக்குன்னா சப்பான் வேணும், கிட்டாருக்கு மட்டும் ஒனக்கு அமெரிக்கா வேணுமா?" என்று பிடித்துக்கொள்வார். கோபத்தில் ஒரு நியாயம் இருப்பதால் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

இந்தக் கோபத்தில் பாதிக்குச் சொந்தக்காரன் வெற்றிவேல். பிரெஞ்சுக்காரர் தெருப் பக்கம் பழம்பொருள் கடை வைத்திருக்கிறான். தேக்கு அலமாரி, பீங்கான் விளக்கு, குண்டூசி போட்ட பழைய வரைபடம், இவற்றுக்கு நடுவே கிட்டாரும் தொங்கும். ஜப்பான் என்று பொறித்த எழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, தலையில் ஓர் அமெரிக்கப் பெயரை ஒட்டி, சுற்றுலா வந்தவர்கள் தலையில் கட்டுவான். "அமெரிக்கான்னாதான்க்கா போவுது" என்று சிரிப்பான். "அப்பன் பேர அழிச்சிட்டுப் புள்ளைய விக்கிறியா நீ?" என்று டீச்சர் ஒருநாள் அவன் கடை வாசலில் நின்று கேட்டதை, எதிர் டீக்கடையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வெற்றிவேலும் அப்போது சேர்ந்துதான் சிரித்தான். அவனுக்கு என்ன, உறைக்கிற தோலா அது?

இத்தனை கிட்டார் வாங்கிய டீச்சருக்கு வாழ்நாள் ஆசை ஒன்றே ஒன்றின்மேல்தான். சொல்தா கோவிந்தராசுவின் சிவப்புக் கிட்டார். பசிபிக் கடலில் பிரெஞ்சுக்காரர் தீவொன்றின் நூமேயா துறைமுகத்தில் வாங்கியது. ஒரே உலோகத் தகட்டில், கம்பியின் அதிர்வை வாங்கி ஒலியாக்கும் பிக்கப் நான்கு, அவற்றுக்கு நான்கு ஸ்விட்ச். ஒலியைக் கூட்டுகிற குமிழ் எங்கோ தொலைந்துபோக, கோவிந்தராசு தன் பட்டாளச் சட்டையிலிருந்து நங்கூரம் பொறித்த பித்தளைப் பொத்தானைப் பிய்த்து அந்த இடத்தில் ஒட்டியிருந்தார். ஒரு ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய விழாவில் அவர் அதை வாசித்ததைப் பாவாடை கட்டிய வயதில் ஞானமேரி பார்த்தார். கிட்டார் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். பிறகு எத்தனையோ வருஷம் அந்த வீட்டுக்குப் போய், ஒரு பாட்டு வாசித்துவிட்டு வைத்துவிட்டு வருவார். விலை பேசியதில்லை. கோவிந்தராசு போன பிறகு அவர் மனைவி செல்வாம்பாள்தான், "ஒனக்குத்தான்டி மேரி. வருஷம் திரும்பட்டும்" என்றார்.

இரண்டாயிரத்து ஏழில் வருஷம் திரும்பியது. செல்வாம்பாள் பாரீசிலிருக்கும் மகளோடு போய்விடப் போகிறார். வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார். டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பூசைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனார்.

செல்வாம்பாள் கோவிந்தராசுவின் கோடி வேட்டியில் கிட்டாரைச் சுற்றி, மேலே ஒரு முழம் மல்லிகையும் வைத்துத் தூக்கிவந்தார். வேட்டியை விலக்கினால் உள்ளே மயில்நீலம். ஸ்கூட்டருக்கு அடிக்கிற, மினுமினுக்கிற மயில்நீலம்.

"எப்பிடி இருக்குது?" என்றார் செல்வாம்பாள். முகமெல்லாம் பூரிப்பு. "பழைய பொடவையோட பொண்ண அனுப்புவாங்களா? அதான் புதுசாக்கிட்டேன். அலமாரி வாங்க வந்த வெற்றிவேலுதான் எடுத்துப் போயி செஞ்சி குடுத்தான். ஒரு பைசா வாங்கல. தங்கமான புள்ள."

ஊரில் யார் பெயிண்ட் அடித்தாலும் கிழிக்கிற டீச்சரின் வாய், இந்தம்மாவிடம் எப்படித் திறக்கும்? அவர் செய்தது அன்பு. அன்பைப் போய்த் திட்ட முடியுமா?

"தொறக்கட்டுமாக்கா?" என்றார் மெதுவாக.

திருகாணித் தலைகள் நசுங்கியிருந்தன. திருப்பினால், முகப்பில் நான்கு பிக்கப் இருந்த தகடு இல்லை. அந்த இடத்தில் ஏதோ பிளாஸ்டிக் அட்டை, புத்தம்புது ஒயர். பொத்தானும் இல்லை. கழுத்தைப் பிரித்தால், பெயிண்டரின் கை எட்டாத பள்ளத்தின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு மிச்சமிருந்தது. டீச்சர் மோந்து பார்க்கவில்லை. அந்தச் சிவப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் முட்டியது, அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"அக்கா, இதுல இருந்த சாமானெல்லாம் எங்க?"

"துருப்புடிச்சிப்போச்சி, தூக்கிப் போட்டுர்றேன்னான். சரின்னேன்." சொல்லும்போதே செல்வாம்பாளின் குரல் இறங்கிவிட்டது. "ஏன்டி? தப்புப் பண்ணிட்டனா?"

"நீங்க பண்ணல" என்றார் டீச்சர். "ஆனா நா இப்ப வெல சொல்லமாட்டேன். கிட்டாரு இன்னும் முழுசா வரல."

திருகாணிகளைப் போட்டு முடுக்கினார். லூனாவை எடுத்தபோது செல்வாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டு, கிட்டாரை மறுபடி வேட்டியில் சுற்றி மார்போடு அணைத்தபடி, கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கடையில் வெற்றிவேல் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் பேசிக்கொண்டிருந்தான். "சிக்ஸ்டீஸ் அமெரிக்கன், சார்" என்று அவன் காட்டிக்கொண்டிருந்த கறுப்புக் கிட்டாரை முதலில் பார்த்தது செல்வாம்பாள்தான். உடம்பு வேறேதோ கிட்டாருடையது. மேலே பதித்திருந்த தகட்டில் நான்கு பிக்கப், நான்கு ஸ்விட்ச், ஓரத்தில் நங்கூரம் பொறித்த பித்தளைப் பொத்தான்.

"இது எங்க வூட்டுக்காரரு சட்டப் பொத்தானாச்சே" என்றார் அவர்.

வெற்றிவேல் அசரவில்லை. "நீங்கதானம்மா துரு, வேணாம்னீங்க? குப்பைக்குப் போறத யாரு எடுத்தா என்னா?"

"ஏம்பா வெற்றிவேலு" என்றார் டீச்சர். கூட்டுப்பாடலில் கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரல் அது. தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது. "வெவரம் தெரிஞ்சவங்க வேணாம்னு சொன்னா அது வேணாம். தெரியாதவங்கள வேணாம்னு சொல்ல வெச்சிட்டு எடுத்தா அதுக்குப் பேரு வேற. அந்தம்மா புருஷன் ஞாபகத்தப் புடுங்கிக்கிட்டு, அவங்களையே தங்கமான புள்ளன்னும் சொல்ல வெச்சிட்டியே, நீ மனுஷனா?"

வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். டீச்சர் அதை எடுத்து வெற்றிவேலின் கண்ணாடி மேசைமேல் மல்லாத்தி வைத்து, கைப்பையைத் திறந்தார்.

"யக்கா, அது என் கட சாமான்" என்று வெற்றிவேல் குறுக்கே வந்தான். "கேக்காம கை வெக்கக் கூடாது!"

"கேக்காம நா என்னைக்குப்பா கை வெச்சேன்?" என்றார் டீச்சர். திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், செல்வாம்பாளின் பக்கம் திரும்பினார்.

"தொறக்கட்டுமாக்கா?"

செல்வாம்பாள் நீலக் கிட்டாரைச் சுற்றியிருந்த கோடி வேட்டியை உருவி, மேசைமேல் சுருக்கமில்லாமல் விரித்தார். ஞானமேரி டீச்சர் முதல் திருகாணியைக் கழற்றி அதன் நடுவில் வைத்தார்.