தீவுக்கு விடுதலை, மகளுக்கு அரங்கேற்றம்

போன ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில், பே ஏரியா டப்ளினில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு தீவுக்கு விடுதலை கிடைத்தது. கிடைக்க இருந்தது என்று சொல்ல வேண்டும்... மசோதா இன்னும் எழுதி முடியவில்லை.

என் மகள் நித்யா பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம். அவள்தான் காலனி அமைச்சர். ஒரு கற்பனைத் தீவின் மீது தன் நாட்டுக்கு இருக்கும் ஆட்சியுரிமையை விட்டுக்கொடுக்கச் சட்டம் தயாரிக்க வேண்டும்.

விடுவேனா? கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அங்க இருக்கற ஜனங்களக் கேக்காம, எவனோ எங்கயோ உக்காந்துக்கிட்டு முடிவு பண்றது அநியாயம்னு முதல் வரியிலயே போடுடி!"

போட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் டான்ஸ் டீச்சரின் போன். அடுத்த சம்மர் அரங்கேற்றத்துக்கு ஹால் கிடைத்துவிட்டதாம்.

"உடனே கன்ஃபர்ம் பண்ணிடுங்க டீச்சர்!" என்றேன். பே ஏரியாவில் நல்ல ஹால் கிடைப்பது என்ன லேசான காரியமா?

நித்யா டைப் செய்வதை நிறுத்தினாள். "அம்மா, டிட் யூ ஆஸ்க் மீ?"

"இதுல கேக்க என்னடி இருக்கு? சின்ன வயசுலேர்ந்து ஆடறியே!"

"ஐ டோன்ட் வான்ட் டு டூ இட். ஐ டோல்ட் யூ ஆல்ரெடி."

சொல்லியிருந்தாள்தான். ஃப்ரீவேயில் டிரைவ் பண்ணும்போது சொன்னதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று நான்தான் விட்டுவிட்டேன். என் கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஐ.நா. சபை மாதிரி வேடிக்கை பார்க்கிற பரம்பரை!

முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை. என்ன புடவை கட்டுவது, முதல் வரிசையில் எங்கே உட்காருவது என்பது வரை மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தேனே! யாருடைய அரங்கேற்றம் அது — அவளுடையதா, என்னுடையதா?

கொஞ்சம் ஆறிய பிறகு டீச்சரைக் கூப்பிட்டு, ஹால் வேண்டாம் என்று சொன்னேன். நித்யா பின்னாலிருந்து வந்து கட்டிக்கொண்டாள்.

அவள் இளகியிருக்கும் நேரத்தை வீணாக்கலாமா?

"சரி, அரங்கேற்றம் வேணாம். வெள்ளிக்கிழமை க்ளாஸுக்கு மட்டும் போயிட்டு வாயேன்..."

அவள் சிரித்துவிட்டாள். "ஸோ ஐ கெட் மை ஃப்ரீடம், பட் யூ கீப் எ மிலிட்டரி பேஸ்?"

ஆமாம். எந்த சாம்ராஜ்யம்தான் மொத்தமாகக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது, சொல்லுங்கள்?