பூச்சட்டத்துக்குள் ஒரு ஸ்கா விமர்சனம்

எங்கள் இலவசத் தமிழ் மாத இதழில் ஸ்கா, பங்க் இசைத்தட்டுகளுக்கு ஒரு பத்தி தொடங்கியதற்கு இசை காரணமல்ல. ஒரு திருமண மண்டபம் தன் கால்பக்க விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது. அச்சுக்குப் போகும் நாளில் உள்பக்கம் ஒன்றில் ஓட்டை விழுந்தது. பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஓட்டையை அடைக்க எதுவும் உதவும். ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, எங்கட பேப்பரை இளம் பிள்ளையள் தொடுறேல்லையாம். பாட்டு கீட்டு எண்டு ஏதாவது எழுதிவிடும்."

"என்ன பாட்டு அண்ணை?"

"அவை கேக்கிற பாட்டு. எனக்கென்ன தெரியும்?"

ஆசிரியருக்கு வீடு விற்பதுதான் தொழில். பத்திரிகையின் முதற்பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் அவருடைய படம் சிரிக்கும். செய்தி இடையில் கிடைத்த இடத்தில் இருக்கும். நான் கொழும்பில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தவள். மொன்ட்ரியாலுக்கு வந்தபின் செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மத்தியானச் சாப்பாடு சமைக்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் பெயரடைகளை வெட்டும் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

இளம் பிள்ளைகள் கேட்கும் பாட்டு எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. அதுவும் நான் தேடிப்போனதல்ல, கூரை வழியாக வந்தது. எங்கள் மேல்வீட்டில் மன்னார்க் குடும்பம் ஒன்று இருக்கிறது. தகப்பன் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், எங்கள் தேவாலயப் பங்கின் பாடகர் குழுவை நடத்துகிறார். மூத்த மகள் கணக்கியல் படித்தவள். உயர்நிலைப் பள்ளியில் இசை வகுப்பு எடுத்தபோது அவளிடம் ட்ரொம்போனைக் கொடுத்துவிட்டார்கள். இழுத்து இழுத்து ஊதும் நீண்ட பித்தளைக் குழல் அது. வகுப்பு முடிந்தது, குழல் முடியவில்லை. ஒருநாள் முறைப்பாடு செய்ய மேலே ஏறிப்போன என்னை, அவள் ஒரு ஞாயிறு பிற்பகல் தன் குழுவின் நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வாசகர்களுக்கு நான் முதல் பத்தியில் இப்படி விளக்கினேன்: ஸ்கா ஜமேக்காவில் பிறந்தது. தாளத்தின் அடி விழவேண்டிய இடத்தை விட்டு, விழாத இடத்தில் கிட்டார் வெட்டும். ஊரில் பைலாப் பாட்டுக்கு ஆடியவர்களின் கால் அதைத் தானாகவே கண்டுபிடிக்கும். பங்க் என்பது முறைப்பாடு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுவதால், எங்கள் சங்கக் கூட்டங்களில் கேட்கும் முறைப்பாடுகளைவிட மேலானது.

அந்த மாதம் நான் பரிந்துரைத்தது மூன்று பேர் கொண்ட ஒரு பங்க் குழுவின் தட்டை. குழுவின் பெயர் பிரெஞ்சில் கெட்ட வார்த்தை என்பதால் அதை எழுத முடியவில்லை. "எல்லாப் பாட்டுகளும் வீட்டு வாடகை பற்றியவை. கடைசிப் பாட்டில் மட்டும் வீட்டுக்காரரின் நியாயமும் சொல்லப்படுகிறது. பலவீனமான பாட்டு அதுவே. மற்றவற்றுக்காக வாங்கலாம்" என்று எழுதினேன். ஆசிரியர் வாசித்துவிட்டு, வாடகையில் இவ்வளவு கஷ்டப்படுகிறவர்களுக்கு வீடு வாங்கும் யோசனையை ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார்.

என் பரிந்துரையைக் கேட்டு ஒரு தமிழர் தட்டு வாங்கியது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் டெப்பனர் எனப்படும் மூலைக்கடை நடத்துகிறவர். கடை வாசலில் கூடி நிற்கும் பெடியன்களைக் கலைக்க இந்தச் சத்தம் உதவும் என்று நினைத்தாராம். அவர்கள் கலையவில்லை, நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் இசைக்குழுக்கள் என்னைக் கண்டுபிடித்துவிட்டன. மேல்வீட்டுப் பெண் என் பத்தியை வெட்டி, அவர்கள் ஒத்திகை பார்க்கும் கட்டடத்தின் சுவரில் ஒட்டியிருந்தாள். இந்த ஊரில் இப்படியான குழுக்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு, ஆங்கில இலவசப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. எஞ்சியவை இணையத்துக்குப் போய்விட்டன. கலைகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் அலுவலகமோ அச்சில் வந்த விமர்சனம் ஒன்றையாவது கேட்டது. அச்சில் மிஞ்சியது நாங்கள். மண்டபங்களும் மரண அறிவித்தல்களும் இருக்கும்வரை எங்களுக்கு அழிவில்லை.

அரசாங்கத்தை ஒழிக்கச் சொல்லிப் பாடுகிறவர்கள் அரசாங்கத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டும் ஒழுங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. கார்டெரி வாசலுக்குத் தட்டுகளோடு வந்தார்கள். உள்ளே சப்பாத்துடன் வரக்கூடாது என்றதும், கழுத்துவரை பச்சை குத்தியவர்கள் குந்தியிருந்து, முழங்கால்வரை ஏறிய பூட்ஸ் கயிறுகளைப் பொறுமையாக அவிழ்த்தார்கள். குழந்தைகள் சுற்றி நின்று உதவினார்கள். தட்டு வாங்கும் என்னிடமும், தட்டு வெளியிடும் அவர்களில் பலரிடமும், தட்டை ஓட்டும் பெட்டி இல்லை. உறைக்குள் இருக்கும் குறியீட்டைத் தொலைபேசியில் போட்டு, பருப்பு அவியும்போது கேட்பேன். கேட்டதை எழுதுவேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் குறை சொல்லியிருந்தாலும் பக்கத்தைக் கண்ணாடிக்குள் போட்டு மாட்டினார்கள்.

இந்த நிலையில் மேல்வீட்டுப் பெண்ணின் குழுவும் முதல் தட்டை வெளியிட்டது. கோடையில் கிழக்குக் கடலோர ஊர்களுக்கு வாகனம் எடுத்துக்கொண்டு வாசிக்கப் போகவேண்டும், அதற்கு உதவித்தொகை வேண்டும். தகப்பனுக்கும் அவளுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இந்தக் கோடை அவளுடையது. பயணம் நடக்காவிட்டால், பங்குத்தந்தைக்குத் தெரிந்த கணக்காளரின் அலுவலகத்தில் உடனே வேலைக்குச் சேரவேண்டும். சேர்ந்தால் குழு இன்னொரு ட்ரொம்போனைத் தேடிக்கொள்ளும்.

"அன்ரி, தெரிஞ்ச பிள்ளை எண்டு கூட்டி எழுதாதேங்கோ. மற்றாக்களுக்கு எழுதின மாதிரி எழுதுங்கோ" என்றாள்.

அப்படியே எழுதினேன்: "இக்குழுவின் பலம் பித்தளைக் குழல்கள். இரண்டாம் பாட்டில் ட்ரொம்போன் வேண்டுமென்றே பிந்தி வந்து, பாட்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆறாம் பாட்டில் வேண்டாமலே பிந்துகிறது. பாடகர் கத்தும்போது சொற்கள் விளங்கவில்லை. மெதுவாகப் பாடும்போது விளங்குகின்றன. ஆகவே கத்துவது நல்லது. இந்த ஆண்டு கேட்டவற்றில் முதலில் வாங்கவேண்டியது இது."

பத்திரிகை வந்த அன்று அவள் படியிறங்கி வந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற அளவுக்கு எழுத்துக்கூட்டி வாசித்திருந்தாள்.

"அன்ரி, நான் செத்துப்போனனோ?"

பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். என் வரிகளில் ஒன்றும் இல்லை. மரண அறிவித்தல்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் வாய்பாடுதான் இருந்தது. "மன்னாரைப் பிறப்பிடமாகவும் மொன்ட்ரியாலை வதிவிடமாகவும் கொண்ட தம்பதிகளின் சிரேஷ்ட புதல்வியும், மழலைப் பருவம் முதல் கலையார்வம் மிக்கவருமான இச்செல்வி" என்று தொடங்கி, பெற்றோர், பேரர், மாமன்மார் வழியாக இறங்கி, "மேன்மேலும் வளர இறையருள் வேண்டுகிறோம்" என்று முடிந்திருந்தது. குழுவில் மற்றவர்கள் இருப்பதாகவே தெரியவில்லை. படம் அவளுடைய சாமத்தியவீட்டில், பூப்புனித நீராட்டு விழாவில், எடுத்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த வைபவத்துக்கு இதே பத்திரிகையில் வாழ்த்து வந்திருந்ததால், படம் அலுவலகத்திலேயே இருந்தது. தலையில் கிரீடம், கையில் சின்னக் குடம்.

"ரெண்டு தரம் வாசிச்சன் அன்ரி. இதில ட்ரொம்போனே இல்லை. பாட்டும் இல்லை. கிரீடம் மட்டும் இருக்கு. இதைக் கொண்டுபோய் உதவித்தொகை குடுக்கிறவையிட்ட எப்பிடிக் குடுக்கிறது?"

ஆசிரியரை அவருடைய அலுவலகத்தில் பிடித்தேன்.

"அண்ணை, நான் எழுதினது எங்க?"

"அதைத்தான் கொஞ்சம் வடிவாக்கினனான்."

"ஒரு வரி இல்லையே."

"பிந்துது எண்டு எழுதியிருந்தீர். எங்கட பிள்ளை பிந்துது எண்டு சனத்துக்குச் சொல்லுறதோ? வெள்ளைப் பெடியளை என்னவெண்டாலும் எழுதும். அவைக்குத் தமிழ் தெரியாது."

"தமிழ் தெரிஞ்ச ஆக்களுக்குத்தானே பேப்பர்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டேன். விண்ணப்பத்துக்கு அதற்குப் பிறகும் சில நாள் அவகாசம் இருந்தது.

"திருத்தமோ? மரண அறிவித்தலுக்குத்தான் திருத்தம் போடுறனாங்கள், மருமகன்ர பேர் விடுபட்டால். சந்தோசமான விசயத்துக்கு ஆர் திருத்தம் போடுறது? அதோட தகப்பன் அடுத்த மாசத்துக்கு அரைப்பக்கம் வாழ்த்து எடுத்திருக்கிறார். பூச்சட்டம், குத்துவிளக்கு, எல்லாம் போட்டு. அந்தாள் கோவிச்சால் உம்மட ட்ரொம்போனோ எனக்கு விளம்பரம் தரும்?"

அவர் சொன்னதில் எனக்குப் பயன்பட்டது ஒன்றுதான். அடுத்த இதழில் அரைப்பக்கம் அந்தத் தகப்பனுடையது.

ஞாயிறு பூசை முடிந்து அவர் வந்த பிறகு மேலே போனேன். மகளும் இருந்தாள். தட்டு வரவேற்பறை அலுமாரியில் இயேசுவின் திருவிருதயச் சுரூபத்துக்குப் பக்கத்தில், பொலித்தீன் பிரிக்காமல், மரியாதையாக நின்றது. பங்கில் அவர் மகள் ஒக்கெஸ்ராவில் வாசிக்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். என் கைப்பிரதியைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"என்னக்கா இது, பிந்துது எண்டு கிடக்கு?"

"அது வேணுமெண்டு பிந்துறது அப்பா" என்றாள் மகள்.

"ரெண்டாம் பாட்டில வேணுமெண்டு" என்றேன். "ஆறாம் பாட்டில இல்லை."

மகள் கூரையைப் பார்த்தாள். "ஓம். ஆறாம் பாட்டில இல்லை."

"போடு பாப்பம்" என்றார்.

தட்டு அலுமாரியிலேயே இருக்க, பாட்டு அவளுடைய தொலைபேசியிலிருந்து வந்தது. அவர் கதிரை நுனியில் இருந்து, கண்ணை மூடி, பாடகர் குழுவுக்குத் தாளம் காட்டும் விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டு கேட்டார். கத்தல்களுக்கு அவர் முகம் அசையவில்லை. நாலாம் பாட்டில் விரல் நின்றது. ஆறாம் பாட்டிலும் நின்றது. முழுத் தட்டும் முடிந்ததும் என்னிடம் திரும்பினார்.

"நாலாம் பாட்டிலயும் பிந்துது. நீங்கள் அதை விட்டிட்டியள்."

"அப்பா!"

"எழுதுறதெண்டால் ஒழுங்கா எழுதவேணும். அரைகுறையா எழுதினால், தெரிஞ்ச பிள்ளை எண்டு மறைச்சதெண்டு சனம் கதைக்கும்." பிறகு மகளைப் பார்த்தார். "மற்றப்படி நல்லா ஊதுறாய். உதை ஏன் எனக்கு முதல் போட்டுக்காட்டேல்லை?"

"நீங்கள் ஒக்கெஸ்ரா எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள். பேந்து எப்பிடிக் காட்டுறது?"

அவர் தொலைபேசியை எடுத்தார். ஆசிரியரை அழைத்து, அரைப்பக்கத்தில் வாழ்த்துக்குப் பதில் என் விமர்சனத்தைப் போடச் சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் கதை நடந்தது. "காசு குடுக்கிறது நான். எனக்கு விருப்பமானதைப் போடுங்கோ" என்று இவர் முடித்தார். சட்டமும் விளக்கும் ஏற்கெனவே வடிவமைத்தாயிற்று, எடுக்க ஏலாது என்று ஆசிரியர் சொன்னாராம். இருக்கட்டும் என்றார்.

அப்படித்தான் அது வந்தது. மல்லிகைச் சட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் நான்காம், ஆறாம் பாட்டுகளில் ட்ரொம்போன் பிந்துவது பற்றிய குறிப்பு, கீழே "இவ்வண்ணம் அன்பு அப்பா, அம்மா, தங்கை". படம் தட்டின் உறை.

விண்ணப்பத்தோடு மொழிபெயர்ப்பும் வேண்டியிருந்தது. உதவித்தொகை அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பியர்பொன்ட்ஸில் இருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர். எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஒரு சின்ன டவுட்டும்மா. சுத்தி பூ, விளக்கு, கீழ அன்பு அப்பா அம்மா. நடுவுல பொண்ணு லேட்டா வாசிக்கறான்னு போட்டிருக்கு. இது வாழ்த்தா, கம்ப்ளெயின்ட்டா?"

"விமர்சனம், ஐயா."

"சரி. அந்த அப்பா அம்மா வரிய விட்டுடலாமா?"

"பூவை விடுங்கோ. அந்த வரியை விடாதேங்கோ. காசு குடுத்தவையை மறைக்கக்கூடாது."

"ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்கீங்களே" என்று சிரித்தார்.

அலுவலகத்தில் அதை விளம்பரம் என்று கழிக்கப் பார்த்தார்களாம். ஆனால் பணம் கொடுத்தவரே தன் மகளின் பிழைகளை எண்ணிச் சொல்லியிருப்பதால் விளம்பரம் என்று வகைப்படுத்த வழியில்லை என்றும், விண்ணப்பங்களோடு வந்த விமர்சனங்களில் முழுத் தட்டையும் கேட்டதற்கு அடையாளம் இருந்தது இதில்தான் என்றும் அவளிடம் சொன்னார்கள். உதவித்தொகை கிடைத்தது.

பத்திரிகைக்கு வேறு பலன் கிடைத்தது. தேவாலயப் பங்கில் அந்த அரைப்பக்கம் பேசப்பட்டது. ஒரு தகப்பன் ஆசிரியரை அழைத்து, தன் மகளின் நடன அரங்கேற்றத்துக்கும் அதே மாதிரிப் பிழையோடு ஒரு வாழ்த்து வேண்டும் என்றார். ஆசிரியர் அவரை என்னிடம் அனுப்பினார்.

"என்ன பிழை விட்டவ?" என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்டும் வேண்டாம். பாக்கிற ஆக்களுக்கு உண்மை மாதிரித் தெரியிறதுக்கு ஒரு சின்னப் பிழை."

பார்க்காத நடனத்தில் பிழை பிடிக்க எனக்குத் தெரியாது என்றேன். ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த இதழில் அந்தப் பிள்ளை "அடக்கம் சற்று மிகையாகக் கொண்டவர்" என்று வந்தது.

ஆடி மாதத்தில் ஒரு மாலை மேல்வீட்டுத் தகப்பன் தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடி படியிறங்கி வந்தார். மகள் பயண வழியில் மொங்டன் என்ற ஊரிலிருந்து ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். சின்ன மேடை, முன்னால் துள்ளுகிற சனம், ஆறாம் பாட்டு. இருவரும் படியில் நின்று கேட்டோம். அவருடைய விரல் கைப்பிடியில் தட்டியது. ட்ரொம்போன் வந்தது. விரல் நிற்கவில்லை.

"சரியா வாறாள்" என்றார். "எழுதுவியளோ?"

"எழுதுறன். எங்க போடுறது, விளம்பரத்திலயோ?"

"இல்லையக்கா, உங்கட பத்தியிலயே போடுங்கோ." இரண்டு படி ஏறியவர் நின்றார். "நாலாம் பாட்டை அனுப்பேல்லை. அதையும் கேட்டுப்போட்டு எழுதுங்கோ."