கீழிருந்து வெட்டிய பத்தி

அக்காவின் தண்ணீர் பாட்டில் காலையில் எப்படிப் போனதோ அப்படியே மாலையில் திரும்பி வரும். பச்சை நிறப் பிளாஸ்டிக் பாட்டில், ஒரு லிட்டர் பிடிக்கும். வீடு வந்ததும் அதை வாசலில் இருந்த கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த நாட்கள் அவை. அந்தக் கன்று மட்டும் செழிப்பாக வளர்ந்தது. பாட்டில் ஏன் காலியாகவில்லை என்று நான் கேட்டதில்லை.

சித்தையன்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புக்குச் சிறுநீரகம் நடத்துவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்ததும் என்னை உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பாள். கையில் டீ வடிகட்டி இருக்கும்.

"ஏலே, இதுதான் கிட்னி. ரத்தம் இந்தப் பக்கம் வருது. வேண்டாததெல்லாம் தண்ணியோட கீழ போயிருது. தண்ணியே ஊத்தலைன்னா என்னாகும்?"

"டீ வராது."

"உனக்குப் பாஸ் மார்க் கூடப் போட மாட்டேன்" என்பாள்.

நான் அப்போது ஒரு நாளிதழின் திண்டுக்கல் அலுவலகத்தில் உதவி ஆசிரியர். அவளுடைய பள்ளிக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன், இடிந்து விழுந்த சுற்றுச்சுவரைப் பற்றிச் செய்தி எழுத. நான்கு வகுப்பறைகள், இரண்டு வேப்பமரங்கள், பின்னால் ஓடை, அதற்கும் பின்னால் தென்னந்தோப்பு. எல்லாம் செய்தியில் இருந்தது. பள்ளியில் கழிப்பறை இல்லை என்பது மட்டும் செய்தியில் இல்லை. பிள்ளைகள் ஓடைப்பக்கம் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் பார்க்கும்படி டீச்சர் ஒதுங்க முடியாது. காலை ஏழேகால் பேருந்து முதல் மாலை ஆறு மணிவரை அக்கா தன் உடம்பை அடக்கிப் பழகியிருந்தாள். அதற்கு அவள் கண்டுபிடித்த ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இது எனக்குத் தெரிய ஏழெட்டு வருடம் ஆனது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய தலைவலி. சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். "வரும்போது அந்த மாத்திரை ஒரு அட்டை வாங்கிட்டு வாடா" என்பாள். பேகம்பூரில் ஒரு மெடிக்கலில் வாங்குவேன். கடைக்காரர் டாக்டர் சீட்டுக் கேட்டதில்லை.

"அக்காவுக்கா தம்பி? அம்புட்டுப் பிள்ளைகளக் கத்திக் கத்தி மேய்க்கிறாங்க. தலை வலிக்காம என்ன செய்யும்?"

அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. பத்து மாத்திரை கொண்ட அட்டை வாரத்துக்கு ஒன்று என்பது பிறகு இரண்டானது.

வாரம் ஒருமுறை வரும் உடல்நலப் பக்கமும் என் பொறுப்புதான். ஊர் டாக்டர் ஒருவர் கையால் எழுதித் தருவார். ஒரு வாரம் சிறுநீரகத்தைப் பற்றி எழுதியிருந்தார். பக்கம் முடியும் நேரத்தில் நகைக்கடை விளம்பரம் ஒன்று வந்தது. விளம்பரம் வந்தால் கட்டுரையைக் கீழிருந்து வெட்ட வேண்டும். அது எங்கள் தொழிலின் பழக்கம். முக்கியமானது மேலே இருக்கும் என்று செய்தி எழுதுபவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். டாக்டர்களுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அவருடைய கடைசிப் பத்தி நான்கு வரி. வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும். தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். படித்தேன், வெட்டினேன். அன்று வாங்கிய அட்டை என் சட்டைப்பையில் இருந்தது.

அச்சான பக்கத்தை அக்கா நின்றுகொண்டே படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. மூணு லிட்டர் குடிக்கணுமாம். எங்க பள்ளிக்கூடத்துல ஒரு நாள் வந்து வேலை பாக்கச் சொல்லு அவர."

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கட்டுரையை ஓரம் பிசகாமல் கத்தரித்து எட்டாம் வகுப்புச் சுவரில் ஒட்டினாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம் அவளுக்குப் பாதம் வீங்கத் தொடங்கியது. மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பேருந்து நேரத்தைச் சொல்வதுபோல அக்கா பதில் சொன்னாள்.

"பாத்ரூம் இல்ல டாக்டர். அதான் பகல்ல குடிக்கிறதில்ல."

"தலைவலி மாத்திரை யாரு வாங்கிக் குடுத்தா?"

"நானே வாங்கிக்குவேன்."

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ரத்தக்கொதிப்பும் இருக்கிறது, மாத்திரையாலும் தண்ணீர் குடிக்காததாலும் மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டு சிறுநீரகமும் பெரும்பகுதி கெட்டுவிட்டது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

பிறகு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவளுடைய சிறுநீரகம் செய்யாத வேலையை இயந்திரம் செய்தது. எஞ்சிய நாட்களில் குடிப்பதற்கு அளவு வைத்தார்கள்: காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். பள்ளியில் கழிப்பறை கட்டி முடித்த செய்தி வந்தபோது அவள் நீண்ட விடுப்பில் இருந்தாள்.

ஒருநாள் மதுரையிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். கொடைரோட்டில் வண்டி நின்றது. ஜன்னலோரம் ஒருவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். அக்கா தலையை ஆட்டி மறுத்தாள், ஆனால் கண் பாட்டிலிலேயே இருந்தது. அப்போதுதான் வெட்டிய பத்தியைப் பற்றிச் சொன்னேன்.

"எம்புட்டுப் பெருசு?"

"நாலு வரி."

"போட்டிருந்தாலும் தின்னுருப்பேன்டா. தலை வலிக்குமில்ல."

வண்டி நகர்ந்தது. அவள் சொன்னதை நம்பிவிடலாம் என்று அன்றும் பார்த்தேன், அவள் போன பிறகும் பார்க்கிறேன். முடியவில்லை. சுவரில் ஒட்டிய கட்டுரையை வருடாவருடம் பிள்ளைகளுக்கு வரி விடாமல் படித்துக் காட்டியவள் அவள்.