பச்சை மருந்தும் என் கெண்டைக்காலும்

மொத மொதத் துடிச்சது சர்ச்சுல வச்சு. போதகர் பிரசங்கத்தை நீட்டிக்கிட்டே போறாரு, நான் தூக்கத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். இடது கெண்டைக்கால்ல என்னமோ ஓடுச்சு. எறும்புன்னு நெனைச்சு பேண்ட்டைத் தூக்கிப் பாத்தா எறும்பு இல்ல. தோலுக்கு அடியில சதை தானா துள்ளுது, கலங்கல் தண்ணிக்குள்ள மீன்குஞ்சு திரும்புற மாதிரி. அமுக்கிப் பிடிச்சேன். கைய எடுத்ததும் மறுபடி துள்ளுச்சு.

இதே மாதிரி துடிச்சு, யார்கிட்டயும் சொல்லாம, உள்ளுக்குள்ளயே செத்துக்கிட்டிருக்கிற ஆளுகளுக்காகத்தான் இத எழுதுறேன். திடமா இருக்கிறவுக சிரிச்சிட்டுப் போங்க, பரவாயில்ல. நானும் அப்படிச் சிரிச்சவன்தான்.

அப்ப எனக்கு இருபத்திமூணு வயசு. மதுரையில கெமிஸ்ட்ரி பி.எஸ்சி. முடிச்ச திமிரோட சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில சேந்திருந்தேன். வீடு விருதுநகர், தினமும் பஸ்ஸு. வீட்டுல அப்பா, அக்கா எஸ்தர், நான், மூணே பேரு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியார். அக்கா நர்ஸு.

கம்பெனியில பச்சைக் கம்பி மத்தாப்பு சரியா வராம இருந்துச்சு. கொளுத்துனா வெளுத்துப் போயி, பச்சைன்னு சத்தியம் பண்ணினாத்தான் நம்பணும். நான் ரெண்டு மாசம் நிறுத்து, கலந்து, எரிச்சுப் பாத்து ஒரு பச்சையைக் கொண்டாந்தேன். மொதலாளியே வந்து தோள்ல தட்டிட்டுப் போனாரு. அதுல இருந்து நான் 'பச்சை சார்'. சீசன் நேரம், ஆர்டர் குமியுது, லோடு ஏத்த லாரி வாசல்ல நிக்குது. வேற ஆள் கலந்தா கெடுத்துருவான்னு பச்சையை நானேதான் கலப்பேன். பக்கத்துலயே காயிதத்துல சாத்தூர் சேவு. ஒரு கை தராசுல, ஒரு கை சேவுல.

அந்த அறையில கம்பி அடுக்குற பேச்சியக்கா ஒருநாள் சொன்னா, "சார், கையக் களுவிட்டுத் தின்னா சேவு ஓடியா போயிரும்?" நான் கெமிஸ்ட்ரி படிச்சவன், எனக்குத் தெரியாதான்னேன். அவ அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல.

சர்ச்சுல ஆரம்பிச்சது ஒரு வாரத்துல ஊர் சுத்தக் கெளம்பிருச்சு. இடது காலு, வலது தொடை, தோள்பட்டை, கீழ் இமை, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சதை. நடக்கும்போது ஒண்ணும் இல்ல. உக்காந்தா, படுத்தா வந்துரும். உதட்டைச் சுத்தி மரத்துப்போய் குறுகுறுன்னு இருக்கும். வயிறும் சரியில்ல, சீசன் வேலை சூடுன்னு விட்டுட்டேன்.

போர்மேன் மாரியப்பண்ணன்கிட்ட மட்டும் மெதுவாச் சொன்னேன். அவரு பீடியைக் கீழ போடாம, "கெண்டைக்காலு துடிச்சா தூரப் பயணம் தம்பி, சிங்கப்பூரோ பெனாங்கோ"ன்னாரு. எனக்கு எந்தப் பயணம் ஞாபகம் வந்துச்சுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

காலேஜ் கூட்டாளி ஒருத்தன்கிட்ட 'நரம்புல என்னமோ கோளாறு'ன்னேன். அந்தப் பய சுத்திமுத்திப் பாத்துட்டு, கண்ணடிச்சு, பஸ் ஸ்டாண்டு லாட்ஜுக்கு மாசா மாசம் வர்ற வைத்தியர் அட்ரஸை எழுதிக் குடுத்தான். நம்ம ஊர்ச் செவுத்துல 'நரம்புத் தளர்ச்சி'ன்னு எழுதியிருந்தா அதுக்கு அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதானே. நான் கால்ல துடிக்குதுன்னா, அவன் வேற எங்கயோ துடிக்கலன்னு புரிஞ்சுக்கிட்டான். அதுக்கப்புறம் நரம்புங்கிற சொல்லையே வாயில எடுக்கல.

பண்ணின பெரிய தப்பு அடுத்தது. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்காவோட டிரங்குப் பெட்டியைத் தொறந்து அவ நர்ஸிங் புஸ்தகத்தை எடுத்தேன். இங்கிலீஷ்ல தடி புஸ்தகம். நரம்பு வியாதி பாடத்துல ஒரு பத்தி இருந்துச்சு. தண்டுவடத்துல இருந்து (முதுகெலும்புக்குள்ள ஓடுற நரம்புக் கத்தை) தசைக்குப் போற நரம்பு ஒவ்வொண்ணா செத்துப்போகுமாம். மொதல்ல சதை துடிக்கும். அப்புறம் மெலியும். அப்புறம் கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில மூச்சு. மருந்து இல்ல. ரெண்டு மூணு வருஷம்.

நான் 'மொதல்ல சதை துடிக்கும்'ங்கிற வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். கொடியில காயிற அப்பாவோட வேட்டியைப் பாத்தேன். இன்னும் மூணு தீவாளி. அம்புட்டுதான்னு தோணுச்சு.

அன்னையில இருந்து எனக்கு ரெண்டு வேலை. ஒண்ணு கம்பெனி வேலை, இன்னொண்ணு நான் செத்துக்கிட்டிருக்கேனான்னு பாக்குற வேலை. காலையில நூலால ரெண்டு கெண்டைக்காலையும் அளப்பேன். நூலை ஒருநாள் இறுக்கிப் பிடிச்சா கால் மெலிஞ்சிரும், மறுநாள் தொளதொளன்னு பிடிச்சா பெருத்துரும். கோடவுனுக்குள்ள போயி நுனிக்கால்ல நடப்பேன், குதிகால்ல நடப்பேன். நாக்கு நடுங்குதான்னு கண்ணாடியில பாப்பேன். நடுங்குச்சு. சரி, மத்தவுக நாக்கு எப்படி இருக்குன்னு பாத்தாத்தானே தெரியும்னு எங்க கணக்கப்பிள்ளையை நாக்க நீட்டச் சொன்னேன். மனுசன் அரை மணி நேரம் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. ஆனா அவரு நாக்கும் நடுங்குச்சு. நீட்டுனா எல்லார் நாக்கும் நடுங்கும்னு அப்ப எனக்குத் தெரியாது. அவருக்கும் அதே வியாதிதான்னு முடிவு கட்டிட்டேன்.

அக்கா ஒருநாள் என்னைப் பிடிச்சுட்டா. புஸ்தகத்துல சேவு எண்ணெய் பட்டிருந்துச்சு.

"ஏலே சாமு, எந்தப் பாடத்தைப் படிச்சே?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்.

அவ என் காலைத் தூக்கி மடியில வச்சு ரொம்ப நேரம் பாத்தா. துடிச்சுச்சு. அவளும் பாத்தா. "ட்ரெயினிங்ல ரெண்டாம் வருஷம் இந்தப் புஸ்தகத்துல உள்ள அம்புட்டு வியாதியும் எனக்கு இருந்துச்சுலே. மூலம், காசம், பிரசவத்துல வர்ற வலிப்பு. எனக்குக் கல்யாணமே ஆகல, அதையாவது யோசிச்சிருக்கலாம்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா புஸ்தகத்தை அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டா.

அவ சொல்லி எங்க ஊர் டாக்டரைப் பாத்தேன். என்ன வேலைன்னு கேட்டாரு, கம்பெனியில வேலைன்னேன். ரத்தச் சோகையா இருக்கும்னு பி விட்டமின் ஊசி பத்து எழுதினாரு. ஏழாவது ஊசி போட்ட மறுநாள் காலையில பஸ் ஏறப் போறேன், காலைத் தூக்கிப் படியில வைக்கணும், கால் வரல. வலி இல்ல. ஈரத் துணி மாதிரி தொங்குது. பின்னாடி நின்ன ஆளு, "ஏறுங்க, இல்ல வழிய விடுங்க"ன்னாரு. ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு என்னை நானே இழுத்து ஏத்துனேன். மெலிவு வந்துருச்சு, அடுத்தது தொண்டைன்னு மனசு சொல்லுச்சு. அன்னைக்கு கம்பெனிக்குப் போகல. அடுத்த ஸ்டாப்புல எறங்கி, அங்கன இருந்த மைல்கல்லுல உக்காந்து அழுதேன்.

அக்கா லீவு போட்டு என்னை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. வராந்தாவுல ரெண்டு மணி நேரம். அங்க இருந்த டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கம். மொதல்ல உக்காரச் சொல்லி முட்டிக்குக் கீழ சின்னச் சுத்தியலால தட்டுனாரு. ரிஃப்ளெக்ஸ்ங்கிறாக (தட்டுனா கால் நம்மளக் கேக்காம உதைக்கிறது). என் காலு சோம்பலா லேசா அசைஞ்சுச்சு. எழுதிக்கிட்டாரு. அப்புறம் ஒத்தைக் கால்ல நின்னு குதிக்கச் சொன்னாரு. ரெண்டு தடவை குதிச்சேன், மூணாவதுல அக்கா மேல சாஞ்சிட்டேன்.

"மருந்து ஏதாவது எடுத்துக்கறியாப்பா?"

"தினமும் எடுக்கேன் சார்."

"என்ன மருந்து?"

"பச்சை மருந்து சார். சீசன் பூராம் அதான்."

அவரு 'பச்சிலை வைத்தியம்'னு எழுதினாரு. எதிர்ல உக்காந்திருந்த எனக்கு அந்த எழுத்து தலைகீழாத் தெரிஞ்சுச்சு.

"எவ்வளவு எடுப்ப?"

"ஆர்டரைப் பொறுத்து சார். எட்டு கிலோ. சில நாள் பத்து."

பேனா நின்னுச்சு. "யாருப்பா உனக்கு இதக் குடுக்கறா?"

"யாரும் குடுக்கல சார், நாந்தான் கலக்குறேன். எல்லாருக்கும் நாந்தான் கலந்து குடுக்கேன்."

அக்கா தலையில கை வச்சுக்கிட்டா. சிவகாசியில மருந்துன்னா பட்டாசுக்குள்ள போடுறது, இவன் பட்டாசுக் கம்பெனியில இருக்கான்னு அவதான் வெளங்க வச்சா. டாக்டர் சிரிப்பாருன்னு பாத்தேன், சிரிக்கல. நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டாரு.

"அந்தப் பச்சையில என்ன இருக்கு?"

"பேரியம் உப்பு சார்."

"பேரியம் பத்தி என்ன படிச்ச?"

"தீயில காட்டுனா பச்சைச் சுவாலை தரும் சார்."

"அப்புறம்?"

எனக்கு லேபு ஞாபகம் வந்துச்சு. உப்பு ஆய்வு பண்றப்ப டெமான்ஸ்ட்ரேட்டர் கத்துவாரு, விரலை வாயில வைக்காதடா மடையான்னு. அந்த ஆய்வுக்கு மார்க்கும் வாங்கியிருக்கேன்.

"விஷம் சார்," அப்படின்னேன்.

எப்படிச் சாப்பிடுவன்னு அடுத்துக் கேட்டாரு. சேவு கதையைச் சொன்னேன். அதச் சொல்லும்போது வந்த வெக்கம் மாதிரி எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததில்ல.

ரத்தம் எடுத்தாக. பொட்டாசியம் (தசை சுருங்கி விரியத் தேவையான உப்புச்சத்து) ரொம்பக் கம்மியா இருந்துச்சு. பேரியம் உடம்புல ஏறுனா ரத்தத்துல இருக்கிற பொட்டாசியம் செல்லுக்குள்ள போயி அடைபட்டுக்குமாம், அதனால சதை மொதல்ல துள்ளும், அப்புறம் துவளும்னு டாக்டர் படம் போட்டுக் காட்டுனாரு. பெட்ல போட்டாக. பொட்டாசியத் தண்ணி ஒண்ணு குடுத்தாக, வாய் வச்சா முகம் கோணிரும். நாலாம் நாள் கக்கூஸுக்குத் தனியா நடந்தேன். அப்பா பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி வந்து, பக்கத்துல உக்காந்து, பரீட்சைத் தாளைத் திருத்திட்டுப் போவாரு. ஒருநாள் மட்டும் தாள்ல இருந்து தலை நிமிராம, "கெமிஸ்ட்ரியில எம்புட்டு மார்க்குலே வாங்குனே?"ன்னாரு.

நீங்க நெனைக்கலாம், கதை முடிஞ்சிருச்சேன்னு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு டாக்டர்கிட்ட, அப்ப அந்தச் சதை கரையுற வியாதி எனக்கு இல்லைல்ல சார்னு கேட்டேன். இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருவாருன்னு அவரு வாயையே பாத்துக்கிட்டிருந்தேன்.

அவரு சொன்னது இதான். "இது பேரியம்னு நான் நம்பறேன். பலம் திரும்பி வந்தது நல்ல அறிகுறி. அந்த வியாதியில போன பலம் திரும்பாது. ஆனா துடிப்பு கொஞ்ச நாள் இருக்கும், பயத்துலயும் துடிக்கும், தூக்கம் இல்லன்னாலும் துடிக்கும். ஆறு மாசம் கழிச்சு வா. அப்பவும் ஒத்தைக் கால்ல குதிச்சேன்னா அது இல்லன்னு எழுதிக் குடுக்கறேன். அதுவரைக்கும் காலை அளக்காதே."

ஆறு மாசம். பட்டாசுக் கம்பெனிக்காரனுக்கு வருஷம்னா ரெண்டு துண்டுதான், தீவாளிக்கு முந்தி, தீவாளிக்குப் பிந்தி. எனக்கு அது நூத்தி எம்பது தனித்தனி நாளாப் போச்சு. துடிக்காத நாள்ல, ஏன் துடிக்கலன்னு பயம். துடிச்ச நாள்ல சொல்லவே வேணாம். அளக்காதேன்னு சொன்னாரு, அளக்கல. ஆனா பேண்ட்டு கால்ல தொளதொளன்னு இருக்கான்னு பாப்பேன். அது அளவு இல்லையே. துடிப்பு கொறைஞ்சதை நான் கவனிக்கவே இல்ல, அக்காதான் சொன்னா, "இந்த வாரம் நீ காலைத் தடவலலே."

கம்பெனிக்குத் திரும்பிப் போயி, தராசுப் பக்கத்துல வாளியும் சோப்பும் வைக்கச் சொன்னேன். திங்கிறதுக்குத் தனி இடம் கேட்டு மொதலாளியோட ரெண்டு வாரம் சண்டை. பேச்சியக்காகிட்டப் போயி மன்னிப்புக் கேக்குற மாதிரி நின்னேன், அவ கண்டுக்கல. உங்களுக்குச் சதை துடிக்குமாக்கான்னு கேட்டேன். அப்பத்தான் நிமிந்தா.

"எப்பவாச்சும் துடிக்கும். கால் அசந்து வரும். ஆஸ்பத்திரியில காட்டுனேன்."

"என்ன கேட்டாக?"

"மருந்து எதுவும் எடுத்தியாம்மான்னு கேட்டாக. பட்டாசு மருந்துல கை வைக்கிறதக் கேக்காகன்னு நெனைச்சேன், சொன்னா வேலைக்கு வில்லங்கம் வந்துருமோன்னு, இல்லய்யான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் வாயத் தொறந்து ஆமான்னு சொன்னதால பொழைச்சேன். அதுவும் புத்தியால இல்ல, வெளங்காம. மறுவாரம் அவளை அக்காகூட மதுரைக்கு அனுப்பி வச்சேன், என்ன வேலை, என்ன உப்புன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்து. இத வாசிக்கிறவுகளுக்கும் அதான். துடிக்குதுன்னா புஸ்தகத்தைத் தொறக்காதீக. டாக்டரைப் பாருங்க. என்ன நோவுன்னு மட்டும் சொல்லாம, பகல் பூராம் உங்க கை எதுல கெடக்குதுன்னும் சொல்லுங்க.

மாசி மாசம் மதுரைக்குத் தனியாப் போனேன். டாக்டர் என்னை ஞாபகம் வச்சிருந்தாரு, பத்து கிலோவான்னாரு. சுத்தியலால தட்டுனாரு, காலு அவரு மேசையை உதைச்சுச்சு. இடது கால்ல பத்துக் குதி, வலது கால்ல பத்துக் குதி. வெளிய நின்ன நோயாளிகள்லாம் எட்டிப் பாத்தாக. அவரு அந்த வியாதி இல்லன்னு சீட்டுல ரெண்டு வரி எழுதி, இனிமே நீ இங்க வர வேண்டாம்னு சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.

சந்தோசம் வரும்னு நெனைச்சேன். வராந்தாவுல நின்னப்ப கையில என்னமோ பெரிய சாமானைத் திணிச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு. ஆறு மாசமா நாளைக்குங்கிறதைத் தாண்டி நான் யோசிக்கல. இப்ப வருஷம் வருஷமாக் கெடக்கு, அத எங்க வைக்கிறதுன்னு தெரியல. இந்தக் கெண்டைக்காலும் முன்ன மாதிரி இல்ல. முன்ன அது கால். இப்ப அது இருக்குன்னு எனக்குத் தெரியும், எந்நேரமும்.

விருதுநகர் பஸ்ஸு பாதி காலி. படியில ஏறி, கம்பியைப் பிடிச்சு நின்னேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டே, "உக்காருங்க, அம்புட்டு இடம் கெடக்குல்ல"ன்னாரு.

"இருக்கட்டும்ண்ணே. நிக்கிறேன்."

திருமங்கலத்துல இன்னும் கொஞ்சம் ஆளு எறங்குச்சு. கள்ளிக்குடி தாண்டையில இடது கால்ல ஒருக்கா துடிச்சுச்சு. நான் கம்பியைக் கை மாத்திப் பிடிச்சுக்கிட்டேன். விருதுநகர் வர்ற வரைக்கும் உக்காரல.