அக்காவின் கை

கெடார்ப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் போடும் பெண் என் அக்கா ஒருத்திதான். அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷத்திலிருந்து, மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டி நிலத்துக்குத் தண்ணீர் இறைத்ததும் அவளே. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நெடுநேரம் நிற்பாள். கீழே நசுங்கும் பிள்ளைகளை நான் ஏளனமாகப் பார்ப்பேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது; எனக்கு ஏழோ எட்டோ.

தை மாதம் திண்டிவனத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அதற்கென்று அம்மா பக்கத்து வீட்டில் ஒரு பட்டு ரவிக்கை இரவல் வாங்கியிருந்தாள். அதன் கை அக்காவின் புஜத்தில் ஏறவில்லை. தையலைப் பிரித்துவிட்டுத்தான் போட முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா, அக்கா நீட்டிய காப்பியை வாங்குவதற்கு முன் அவள் கையைப் பிடித்துத் தோள்வரைக்கும் அழுத்திப் பார்த்தார்.

"நல்லா கெட்டியா இருக்குது. எங்க வூட்ல ஆறு மாடு. இந்தக் கை போதும், வேற என்னாத்தப் பாக்கணும்?"

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் அக்காவைத் தேடிப் போனேன். மாட்டுக்கொட்டகையில் நின்றிருந்தாள்.

"பாப்பா, அவங்க என் மூஞ்சியப் பாத்தாங்களா?"

"கையத்தான் பாத்தாங்க. நல்லா இருக்குதாம்!" என்றேன் பெருமையாக.

அவள் மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாட்டைப் பிரியப்போகிற வருத்தம் என்று நினைத்தேன்.

அதன்பின் முழங்கையைத் தாண்டும் ரவிக்கைதான் போட்டாள். கேப்பைக் களியில் பாதியை, அம்மா திரும்பும் நேரம் பார்த்து என் தட்டில் தள்ளினாள். நானும் சந்தோஷமாகத் தின்றேன். படுக்கும்போது பழைய வேட்டித் துணியைப் புஜத்தில் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். காலையில் தோல் சிவந்து தடித்திருக்கும்.

"இந்த வெயில்ல ஏன்டி இதப் போட்டுக்கினு வேகற?" என்பாள் அம்மா.

"இருக்கட்டும், வுடும்மா."

பங்குனியில் கல்யாணம். மணவறையில் அவளைப் பார்த்த மாமியார் முகம் சுளித்தார். "அன்னிக்கு எப்டி இருந்த பொண்ணு! இப்டி வத்திப் போயிட்டாளே!"

அம்மா ஓடி வந்து ஏதேதோ சமாதானம் சொன்னாள். அக்காவோ குனிந்து தன் கையைப் பார்த்தாள், சிரித்தாள். அத்தனை அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை அப்போதாவது யாரேனும் அவளிடம் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அவளை மெச்சாதவர்கள் இல்லை. ஆனால் மெச்சியதெல்லாம் அவள் தூக்கிய பாரத்தைத்தான். மூட்டை தூக்கும் பெண்ணுக்குக் கண்ணாடி பார்க்கும் ஆசை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடிக்கு அழைத்து வந்தோம். ஆறு மாடுகளும் அவள் தலையில்தான் என்று தெரிந்தது. கைகள் முன்னைவிடத் திரண்டிருந்தன. ரவிக்கையும் பழையபடி குட்டைக் கை ரவிக்கை, மறைப்பதை விட்டுவிட்டிருந்தாள். நானோ, அக்காவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.