சித்தப்பாவிடம் கேட்கப்பட்ட கேள்வி

ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிவிடும் பஞ்சைச் சித்தப்பா வீட்டுக்கு வந்துதான் பிரிப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து ஹவுன்ஸ்லோ வரும் வழி முழுக்கச் சட்டைக் கையைச் சுருட்டி, மறு கைப் பெருவிரலால் அதை அமத்திக்கொண்டே காரில் இருப்பார். வீட்டில் குசினி யன்னலோரம் நின்று மெல்ல உரித்து, பஞ்சிலுள்ள புள்ளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "நல்ல சிவப்பு" என்பார். பாரிஸில் பதினேழு வருடம் உணவகக் குசினியில் இறைச்சி வெட்டிவிட்டு லண்டனுக்கு வந்த மனிதர். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்வதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. சித்தியும் விடாமல் பீட்ரூட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது. முதல் தடவை ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர், எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். அவரைக் கண்டதும் சித்தியின் முகம் கறுத்துவிட்டது. ஞாயிறு பூசை முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று, இனிமேல் வீட்டு ஆளே போதும் என எழுதிக் கொடுக்கச் சொன்னார். அந்த வீட்டு ஆள் நான். விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடி வருகிறவர்களுக்கு நாள் முழுக்க ஆங்கிலத்தில் சமாதானம் சொல்வது என் வேலை. நகர கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தாலும் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

மார்ச் மாதம் ஒரு நாள், சித்தியால் வர முடியாமல் நாங்கள் இருவர் மட்டும் போயிருந்தோம். டொக்டர் இளம் பெண். கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, அவசரமில்லாமல் விளக்கினார். கட்டி ரத்தத்தில் விடும் புரதம் ஏறிக்கொண்டே போகிறது, உடம்பின் போஷாக்கைக் காட்டும் ஆல்புமின் இறங்கிவிட்டது, உடலுக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் எண்ணும் கூடியிருக்கிறது. ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, எல்லாம் சேர்ந்து இப்படி வரும்போது வருடக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில்தான் யோசிக்க வேண்டும் என்றார். இன்ன நாள் என்று யாராலும் குறிக்க முடியாது என்றும் சொன்னார். கீமோ மருந்தைத் தொடரலாம், ஆனால் கிடைக்கும் பலன் கொஞ்சம், இருக்கிற தெம்பை அது தின்றுவிடும். பிறகு கதிரையை நகர்த்தி, என்னை விட்டுவிட்டுச் சித்தப்பாவின் கண்ணைப் பார்த்து, இனி வரும் மாதங்களில் உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டார்.

மொழிபெயர்க்கக் கஷ்டமான கேள்வி அல்ல அது. சித்தப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் பரவாயில்லையாம், மருந்தைத் தொடருவமாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எடுத்து டொக்டரிடம் கொடுத்தேன். அவருக்கு மருந்துதான் முக்கியமாம் என்றேன். உண்மையைச் சொல்லக்கூடாதென்று சித்தி என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார்தான். ஆனால் அந்த நேரத்தில் சித்தியை நான் நினைக்கவே இல்லை. அதை என் வாயால் சொல்லப் பயந்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது, பஞ்சை அமத்திக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அந்தப் பிள்ளை கடைசியா என்னைப் பாத்தெல்லோ ஒண்டு கேட்டது. என்ன கேட்டது?"

"வடிவாச் சாப்பிடுறீங்களோ எண்டு கேட்டவ, சித்தப்பா."

"சாப்பிடுறன் எண்டு சொன்னனியோ?"

"ஓம்."

பாரிஸில் இருந்த அவருடைய மகளின் பிள்ளைக்கு மே மாதத்தில் முதல் நன்மை, கோயிலில் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு. காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஏப்ரல் முழுக்க அவர் கடைத்தெரு வரை தானே நடந்து போய் வந்தார். வரச் சொல்லி மகள் போனில் கெஞ்சியபோது, ரத்தம் நல்லாத்தானே இருக்கிறது, மருந்து முடியட்டும், ஜூலையில் வந்து ஆறுதலாக நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. முதல் நன்மையன்று மருந்தின் வாந்தியில் எழும்ப முடியாமல் கிடந்தார். சாரத்துக்கு மேல் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி, என் போனில் பேத்தியைப் பார்த்தார். பேத்தி நன்மை வாங்க வாயைத் திறந்தபோது படம் அப்படியே நின்றுவிட்டது. ஜூன் மாதம் இறந்துபோனார்.

செத்த வீட்டில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, டொக்டர் முதலே ஒண்டும் சொல்லேல்லையோ?"

"வடிவா ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். வடிவாக, விளக்கமாகச் சொன்ன ஒரே ஆளின் தலையில் பழியைப் போட்டேன்.

குடும்பத்தில் இந்த நோய் இருப்பதால் என்னையும் இப்போது பரிசோதிக்கிறார்கள். போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். கார் நிறுத்துமிடத்தில், பஞ்சைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு, காரை எடுக்காமல் இருந்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதைப் பார்த்து, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை வாய்விட்டுச் சொன்னேன்.

"சித்தப்பா, உங்களுக்கு இப்ப எது முக்கியம் எண்டு கேக்கிறா."