முதுகில் ஒரு சின்ன ஓட்டை

என் முதுகில் சுண்டுவிரல் போகிற அளவுக்குத்தான் ஓட்டை போட்டார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. எழுபதுகளில், ரப்பர் தோட்டத்தில் இருந்த என் பெரியப்பாவுக்குச் சிறுநீரகக் கல்லை எடுத்தபோது விலாவிலிருந்து வயிறுவரை கிழித்தார்கள். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். எண்பதுகளின் கடைசியில் எனக்கு முறை வந்தபோது, குழாய் விட்டுக் கல்லை உடைத்து எடுத்து, ஐந்தாம் நாளே குனோங் ராபாட்டில் இருந்த என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். "இவ்வளவுதானாண்ணே?" என்று கேட்டுவிட்டு மைலோ குடித்துவிட்டுப் போனார்கள்.

வயிற்றைக் கிழிக்காமல் கல் வந்துவிட்டால் தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதல் அவளுடையது, தலை மட்டும் என்னுடையது. நான் வீடு திரும்பிய மறுவாரமே தைப்பூசம். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை.

"அது அரிசி மூட்டைக்குச் சொன்னதுலா. சாமிக்கு எடுக்கிற பால்ல பாரம் ஏது?" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெயிலில் நடந்து, படியேறி, பாலைச் செலுத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை சிறுநீர் ரோஸ் சிரப் நிறத்தில் போயிற்று. அவளிடம் சொன்னால் தன்னால்தான் என்று உடைந்துபோவாள். இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினேன்.

"எல்லாம் நல்லா போகுதா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"வெள்ளையாத்தான் இருக்கு."

மூன்று நாளும் அதையே சொன்னேன். செத்துவிடுவேன் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அதற்கடுத்த நாள் ரத்தம் கட்டிகட்டியாக வந்து அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டும் இறங்கவில்லை. வலியில் குளியலறையிலேயே விழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"பாரம் ஏதும் தூக்கினாயா?" என்று சீன டாக்டர் மலாயில் கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன்.

"தூக்கினார், டாக்டர். நான்தான் தூக்க வைத்தேன்," என்று என் மனைவி தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள்.

அவர் திட்டவில்லை. உள்காயம் மறுபடி திறந்துவிட்டது, ரத்தம் நிற்காவிட்டால் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். அதற்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும்போது என் பெயரின் எழுத்துகள் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இரண்டு நாள் ரத்தம் ஏற்றினார்கள். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை வெளுக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. அப்படி நான் அதற்கு முன்பும் பயந்ததில்லை, பின்பும் பயந்ததில்லை. மூன்றாம் நாள் வெளுத்தது. சிறுநீரகம் தப்பியது.

வீடு திரும்பிய மறுநாள் காலை, கழிவறையில் வழக்கம்போல வாளியைத் தூக்கினேன். கதவுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். நல்லா போகுதா என்று இந்த முறை கேட்கவில்லை.

"தண்ணி ஊத்தாதீங்க," என்றாள். "நான் பாக்கணும்."